செத்தான் போயி: கொழிஞ்சாம்பாறையில் ஆறு நாள்

முதல் நாள், 19 ஜனவரி 2026, திங்கள்

உக்கடத்தில் வேலந்தாவளம் பஸ் ஏறி உட்கார்ந்தாயிற்று. மடியில் லேப்டாப் பை, காலடியில் அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு டப்பா, காதில் ஒன்றும் இல்லை. ஹெட்போன் பையில்தான் இருக்கிறது. ஆனால் 13 வருஷம் கழித்து ஒருத்தனைப் பார்க்கப் போகும்போது எந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு போவது? நாங்கள் பாடினதைப் போட்டால் கோபம் வரும், மற்றவர்கள் பாடினதைப் போட்டால் வயிறு எரியும். பேசாமல் கண்டக்டர் விசிலைக் கேட்டுக்கொண்டு போகிறேன்.

யாரென்று தெரியாதவர்களுக்கு: நாங்கள் இரண்டு பேர், கோயமுத்தூர், தமிழில் ராப் பண்ணிக்கொண்டிருந்தோம். 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பியும் நட்சத்ராவும் போட்ட ஆல்பம் யாரோ ஒரு சீனியரின் பென் டிரைவில் எங்கள் ஹாஸ்டலுக்குள் வந்தது, அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. பீரோவுக்குள் தலையை விட்டு, சுற்றிலும் போர்வையைத் தொங்கவிட்டு, இரவல் ஹெட்செட் மைக்கில் பதிவு பண்ணுவோம், வெளியே வரும்போது சட்டை பிழியற அளவுக்கு நனைந்திருக்கும். 2012-ல் ஹிப்ஹாப் தமிழா ஆல்பம் வந்தபோது ஒரே நேரத்தில் சந்தோஷமும் கிலியும். அவர்களும் இரண்டு பேர், ஆதி எங்கள் ஊர்க்காரர், அப்படியென்றால் இது நடக்கிற காரியம்தான், அப்படியென்றால் நாங்கள் இன்னும் பீரோவுக்குள் என்ன பண்ணிக்கொண்டிருக்கிறோம்? அடுத்த வருஷமே பிரிந்துவிட்டோம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், அதில் நான் நல்லவன் இல்லை. எங்கள் ஜோடிக்கு ஒரு பெயர் இருந்தது, அதை இங்கே எழுத மாட்டேன், அதை வைத்தது யார் என்பதே இன்னும் தீராத வழக்கு.

போன ஜூலையில் அமெரிக்க ராப் ஜோடி கிளிப்ஸ், அந்த அண்ணன் தம்பி ஆல்பம் வந்ததே, அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க். நம்பர் போனில் பதிவாகவில்லை, ஆனால் கீழே இருந்த வரியைப் படித்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. "கூடப் பொறந்தவங்களே 2009-க்கு அப்புறம் இப்பத்தான் சேந்து ஆல்பம் போட்டுருக்காங்க, நமக்கென்ன கேடு." நான் பதில் போட ஒன்பது நாள் ஆனது. பிளாக் ஸ்டார் என்கிற இன்னொரு ராப் ஜோடி 1998-க்கு அப்புறம் 2022-லதான் அடுத்ததைப் போட்டார்கள், 24 வருஷம், இன்னும் நமக்கு டைம் இருக்கு என்று அனுப்பினேன். நக்கலாகத்தான் அனுப்பினேன். அவன் "சரி, தை மாசம் வா" என்று போட்டுவிட்டான்.

க.க. சாவடி தாண்டி பிச்சனூர் பக்கம் வந்ததும் காற்று மாறுவது பஸ்ஸுக்குள்ளேயே தெரிகிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டருக்கு மலையே இல்லாத பாலக்காட்டுக் கணவாய். மழைக்காலத்தில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று மார்கழி தையில் எதிர்த்திசையில் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து கிளம்பி, வறண்டு போய், பனை ஓலையை எல்லாம் ஆட்டிக்கொண்டு கேரளாவுக்குள் போகும். நானும் அதோடு போகிறேன்.

வேலந்தாவளத்தில் இறங்கி வேறு பஸ். போர்டில் மலையாளம், டிரைவரும் கண்டக்டரும் பேசிக்கொள்வது தமிழ், முன்சீட்டுப் பாட்டி பேசுவது இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்று. பாலக்காடு மலபார் ஜில்லாவாக மதராஸோடு இருந்தது, கொழிஞ்சாம்பாறை இருக்கிற இந்தச் சித்தூர் தாலுகா மட்டும் கொச்சி ராஜாவுக்குச் சொந்தம். ஆக, மதராஸோடு இருந்ததை விட்டு எப்போதும் கொச்சியாக இருந்த இடத்தில் வந்துதான் இத்தனை தமிழ் கேட்கிறேன்! எருத்தேம்பதி, ஒழலப்பதி, வடகரப்பதி என்று ஊர்ப் பெயர்களெல்லாம் பதி பதியாக ஓடுகின்றன. கரிசல் மண், பனை, தென்னை, போர்வெல் லாரி. கண்ணை மூடிக்கொண்டு இறக்கிவிட்டால் பொள்ளாச்சி என்றுதான் சொல்வேன்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டாண்டில் ஒரு டாட்டா ஏஸ் மேல் சாய்ந்து நின்றிருந்தான். தொப்பை, நரை, அதே கண். கட்டிப் பிடிப்பானோ, கை கொடுப்பானோ, நான் முதலில் கொடுப்பதா என்று பஸ் படியிலேயே யோசித்துக்கொண்டு இறங்கினால், "சாப்டயா? பையில என்ன, முறுக்கா?" என்றான். அவ்வளவுதான், வண்டியில் ஏறிவிட்டேன்.

இரண்டாம் நாள், செவ்வாய்

ஆள் இங்கே சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கல்யாணம், கோயில், கட்சிக் கூட்டம், எதற்கும் மைக் செட். மாமனார் ஊர் இது, சம்சாரம் இங்கே ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "அண்ணா, இவரு ராப் பாடுவாருன்னு கல்யாணம் ஆகி ஆறு வருஷம் கழிச்சுத்தான் எனக்கே தெரியும்" என்றது தங்கச்சி. வீட்டுக்குப் பின்னால் ஒரு குடோன், அதில் ஆளுயரப் பெட்டிகள், ஒயர் சுருள், சீரியல் பல்பு மூட்டை. அதன் ஒரு மூலையில் சாக்கும் மெத்தையும் அடுக்கி எங்கள் ஸ்டுடியோ. பீரோவிலிருந்து குடோனுக்கு வந்திருக்கிறோம், வளர்ச்சிதான்.

நான் இருபதாயிரம் ரூபாய் கண்டென்சர் மைக் ஒன்று கொண்டு வந்திருந்தேன். மாட்டிக் கேட்டால், பனை ஓலை உரசுவது, பக்கத்து வீட்டு மிக்ஸி, இரண்டு தெரு தள்ளி ஒரு கோழி, எல்லாம் தெள்ளத்தெளிவாகக் கேட்கிறது, எங்களைத் தவிர. அவன் சிரிக்காமல் போய் தன் சரக்கிலிருந்து ஒரு எஸ்எம்58 எடுத்து வந்தான். ஷூர் கம்பெனி 1966-ல் கொண்டு வந்த மைக், இன்றைக்கும் எந்த மேடையிலும் நீங்கள் பார்க்கிற அந்த வலைத்தலை மைக். "இது நேரா வாய் வெச்சாத்தான் கேக்கும், பின்னாடி இருந்து கூப்பாடு போட்டாலும் திரும்பாது. எங்க மாமியார் மாதிரி" என்றான். மாமியார் அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னார், அது மைக்கில் ஏறவில்லை. சோதனை வெற்றி.

காலையிலேயே பீட் விஷயத்தில் முட்டிக்கொண்டோம். நான் லேப்டாப்பில் 40 ஜிபி சத்தங்கள் வைத்திருக்கிறேன், உலகத்தில் உள்ள எல்லா டிரம்மும் உண்டு. அவன் வேண்டாம் என்கிறான். 1987-ல் வந்த எஸ்பி-1200 என்கிற பீட் மிஷினில் மொத்தம் 10 நொடிதான் சாம்பிள், அதாவது சத்தத் துண்டு, எடுக்க முடியும், அந்தக் காலத்து நியூயார்க்காரர்கள் அந்த 10 நொடிக்குள் எத்தனை ஆல்பம் பண்ணினார்கள், நாமும் ஒரு பாட்டுக்கு 10 நொடிதான், அதுவும் இந்த ஊர்ச் சத்தம்தான் என்றான். பழைய சினிமாப் பாட்டை வெட்டி ஒட்டினால் மறுநாளே உரிமைப் பிரச்சினை வந்து நிற்கும் என்பதும் உண்மைதான். எனக்கு எரிச்சல், ஆனால் வீடு அவனுடையது. ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு, காற்றுக்கு அதன் தலையில் ஒரு மயிர்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோபத்தோடு பக்கத்துத் தோப்புக்குள் போனேன்.

அங்கே ஒரு பையன் சைக்கிளில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான், ஏழெட்டு வயசு. வீட்டில் பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா தம்பி என்றேன். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னான், "அச்சன் செத்தான் போயி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவியை அணைத்தேன், செருப்பைக் கழற்றினேன், ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, பையன் தோளில் கை போடலாமா, எப்ப ஆச்சு என்று கேட்கலாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்க, பையன் மேலே கை காட்டினான். மேலே என்றால் சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டு நானும் பார்த்தேன், தென்னை உச்சியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் அப்பா உட்கார்ந்திருந்தார்.

மலையாளத்தில் செத்து என்றால் கள் இறக்குகிற வேலை. செத்தான் போயி என்றால் கள் இறக்கப் போயிருக்கிறார், அவ்வளவுதான். குடோனுக்கு ஓடி வந்து சொன்னேன், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வந்ததும் சொன்னான், "இன்னொரு அர்த்தமும் இருக்குடா. இங்க எளந்தாரிப் பசங்க கெத்தா ஒரு பைக்கைப் பாத்தா செத்து பைக்கும்பாங்க." ஒரே சொல், எல்லைக்கு அந்தப் பக்கம் சாவு, இந்தப் பக்கம் கள்ளும் கெத்தும். இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஹாஸ்டலில் இப்படித்தான் பார்த்துக்கொள்வோம், பார்த்த உடனே யாராவது ஒருத்தன் பேனா தேடுவான்.

சாயங்காலம் அந்த அண்ணன் மரத்தடிக்கு எங்களைக் கூப்பிட்டார். பாளையைச் சும்மா அறுத்தால் கள் வராது, முதலில் எலும்பால் நாலாபக்கமும் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பாளை இளகினால்தான் ஊறும். அதைத் தட்டுகிற சத்தம் கீழே நின்றால் டக்கு டக்கு டக்கு என்று ஒரே சீராகக் கேட்கும். போனில் அளந்தேன், நிமிஷத்துக்கு 92. ராப்புக்கென்றே தட்டினது மாதிரி! 20 நிமிஷம் பதிவு செய்து 10 நொடி எடுத்தோம். சித்தூர்க் கள்ளு வேனில் ஏறி கேரளா பூராவும் போகிறது. எங்கள் பக்கம் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் கோயமுத்தூர் வண்டிகள் இந்தப் பக்கம் எதற்கு வருகின்றன என்று விளக்க வேண்டியதில்லை. நாங்கள் ஆளுக்கு ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டோம். அவன் கேட்டால் இரண்டு என்பான்.

ராத்திரி எழுதினது:

கெழக்க கேட்டா செத்துட்டான்னு ஒப்பாரி
மேற்க கேட்டா செத்துன்னு சொல்றான் மரமேறி
நடுவுல வந்து நிக்கிறோம் ரெண்டு பேரு
எந்தச் செத்துன்னு நீயே கூறு

யார் எந்த வரியை எழுதினது என்று இங்கே சொல்லமாட்டேன். அதைப் பற்றி நாளைக்கு.

மூன்றாம் நாள், புதன்

இன்றைக்கு ஒரு வரிகூடப் பதிவு ஆகவில்லை.

காலையில் மைக் முன்னால் நின்றேன், மூன்றாவது வரியில் மூச்சு தீர்ந்தது. அவனுக்கு நாலாவதில். 2010-ல் பதினாறு வரியை ஒரே ஓட்டத்தில் கொட்டிவிட்டு சிரித்துக்கொண்டு நிற்போம், இப்போது 40 வயசு, எனக்கு ஆபீஸ் நாற்காலி, அவனுக்கு சுகர். வெட்டி ஒட்டிக்கலாம், வரி வரியாகப் பாடி கம்ப்யூட்டரில் சேர்த்துக்கலாம், இப்போது எல்லாரும் அப்படித்தானே என்றேன். சேர்த்துக் கேட்டுப் பார்த்தோம். மூச்சே விடாமல் இரண்டு மிஷின் பேசுகிற மாதிரி இருந்தது. "ரயில்வே ஸ்டேஷன் அனௌன்ஸ்மென்ட்" என்றான். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் உண்மை.

மத்தியானம் சோறு தின்றுகொண்டிருக்கும்போது அவன் தன் பில் புக்கைக் கொண்டு வந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான். சவுண்ட் சர்வீஸ் பில் புக், மேலே வெள்ளைத் தாள், கீழே ரோஸ் தாள், நடுவில் கார்பன். முதல் பில்லில் எழுதியிருந்தது: "பாட்டு 1. வரி பாதி பாதி. பீட் பாதி பாதி. பேர் ரெண்டும் போடணும்." கீழே அவன் கையெழுத்து. என் கையெழுத்துக்கு இடம்.

சரி, சொல்லிவிடுகிறேன். 2013-ல் ஒரு விளம்பரக் கம்பெனி எங்கள் பாட்டு ஒன்றில் அரை நிமிஷம் கேட்டது. அவன் அப்போது அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஊரில் இருந்தான். யார் எழுதினது என்று கேட்டார்கள், நான் என் பெயரை மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பதாயிரம் வந்தது. பத்தாயிரத்தை அவன் கணக்கில் போட்டுவிட்டு, விளம்பரத்துக்குப் போன பகுதி நான் எழுதினதுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த நாலு வரியில் இரண்டு அவனுடையது. அவன் கத்தவில்லை, கேட்கவும் இல்லை, பத்தாயிரத்தைத் திருப்பி அனுப்பினான், நம்பரை மாற்றினான். பாட்டு எழுதினவருக்கும் இசை பண்ணினவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினது 2012-ல், அதாவது எங்கள் சண்டைக்கு முந்தின வருஷம். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன், அந்த வயசில் அப்படிப்பட்ட ஆள்தான் நான்.

கையெழுத்துப் போட்டேன். ரோஸ் தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தான். "ரசம் ஊத்திக்க" என்றான்.

ராத்திரி திண்ணையில் அவன் மாமனார் தண்ணீர்ப் பேச்சு எடுத்தார். விவசாயி, ஆழியாறு தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல், அதன்படி மணக்கடவில் வைத்து வருஷத்துக்கு 7.25 டிஎம்சி சித்தூர்ப் பக்கம் வர வேண்டும், வருகிறதா இல்லையா என்று வருஷா வருஷம் இரண்டு சர்க்காருக்கும் இழுபறி. என் மருமகன் அந்தத் தண்ணியில் குளிக்கிறான், நீ அந்தப் பக்கத்துக்காரன், நீதான் பதில் சொல்லணும் என்றார் என்னிடம். எழுதி வைத்துவிட்டாவது சண்டை போடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள், வியாழன்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி ஸ்கூலுக்குக் கிளம்பும்போது சொன்னது, "ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாடணும்னா எங்க ஸ்கூல் ஆயாவோட அப்பாவைப் போய்ப் பாருங்க, பொறாட்டு ஆடுனவரு." பொறாட்டு நாடகம் பாலக்காட்டுக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காக: அறுப்பு முடிந்த காலத்தில் ராத்திரி பூராவும் நடக்கிற ஆட்டம், பாணர்கள் ஆடுவது. சங்கப் பாட்டில் படித்தோமே பாணன் என்று, அந்தச் சொல் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. மேடைக்கு ஒவ்வொரு வேஷமாக வரும், குறவன் வருவான், குறத்தி வருவாள், தாசி வருவாள். வேஷம் இல்லாமல் ஒருத்தர் ராத்திரி முழுக்க ஓரமாக நிற்பார், அவர்தான் சோத்யக்காரர், கேள்வி கேட்கிறவர். நீ யாரு, எந்த ஊரு, புருஷன் எங்கே, ஏன் சண்டை, என்று வருகிற வேஷத்தையெல்லாம் மடக்குவார், அவர்கள் பாட்டிலும் பேச்சிலும் திருப்பி அடிப்பார்கள். தமிழில் ஆரம்பித்த பாட்டு மலையாளத்தில் முடியும், நேரெதிராகவும் நடக்கும். பாதி அந்த இடத்திலேயே பிறக்கிற பேச்சு. இதை நான் 40 வயசு வரைக்கும் கேள்விப்படாமல், நியூயார்க் பிராங்க்ஸில் 1973-ல் ஹிப்ஹாப் பிறந்த பார்ட்டி எந்தத் தெருவில் நடந்தது என்று மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். செட்ஜ்விக் அவென்யூ, 1520-ஆம் நம்பர் வீடு. கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

பெரியவருக்கு எழுபதுக்கு மேல். ஓட்டு வீடு, வாசலில் நெல் காய்கிறது. எந்த ஊரு என்றார், கோயமுத்தூர் என்றேன், "ஆ, கொங்கன்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். சித்தூர் பகவதி கோயிலில் மாசி மாதம் கொங்கன் படை என்று திருவிழா, கொங்கு ராஜா படையெடுத்து வந்து தோற்றுப் போனதைக் கொண்டாடுவது. வருஷா வருஷம் தோற்கிற கட்சியின் ஆள் நான். போனால் வரவேற்பு எப்படி இருக்கும் என்று கேட்டேன். கொங்கன் இல்லாவிட்டால் படை எப்படி, தாராளமாக வா என்றார்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று அவன் மலையாளத்தில் விளக்கினான். பாடிக் காட்டுங்க என்றார். பாடினோம், செத்துப் பாட்டு, பீட் இல்லாமல், நெல்லுக்கு முன்னால் நின்று. முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, அவன் பாடும்போது நீ என்ன பண்ணுற?" என்றார். என் வரி எப்போ வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பேன் ஐயா என்றேன். "அதான்" என்றார்.

எழுந்து நின்றார். ஓரமாகப் போய், வேட்டியைத் தூக்கிக் கட்டி, ஒரு கேள்வி கேட்டார். பாட்டாகத்தான் கேட்டார், தமிழ். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இல்லாத குறத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேட்கிறது எங்களுக்குக் கேட்டது, அப்படித்தான் சொல்ல முடியும், வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் அத்தனை கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை, நெல்லில் கோழி இறங்கினதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பிறகு குறத்தியின் பதில் முடிகிற இடத்தில், அவள் கடைசிச் சொல்லை இவர் வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கேள்வியை ஆரம்பித்தார். "கேட்டுட்டு அவ பேசற நேரத்துலதான் நான் மூச்சு வாங்கிக்குவேன். அவ பேசலைன்னா நான் விடிய விடிய நிக்க முடியுமா?" என்றார்.

வண்டியில் திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவன்தான், "ரன் டிஎம்சி" என்றான். ஆமாம், அந்த அமெரிக்க ராப் குழு. ஹாஸ்டலில் ஆயிரம் தடவை கேட்ட பாட்டுகள். ஒருத்தர் வரியை ஆரம்பிப்பார், மற்றவர் கடைசிச் சொல்லில் வந்து விழுவார். ஸ்டைல் என்று நினைத்திருந்தோம். ஸ்டைல்தான், ஆனால் அதில் மூச்சு வாங்கவும் இடம் இருக்கிறது என்று எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை, இருபது வயசில் மூச்சு எப்போ தீர்ந்தது!

ராத்திரி பதினொன்றரைக்கு எல்லாப் பாட்டின் வரிகளையும் கத்தரித்து மாற்றினோம். நாலு வரி நான், நாலு வரி அவன் என்று முன்னால் இருந்தது. இப்போது வரிக்குள்ளேயே கைமாறுகிறது. இதில் ஒரு சிக்கல். எஸ்எம்58 முன்னால் இருக்கிற வாயைத்தான் கேட்கும், பின்னால் நிற்கிறவனைக் கண்டுகொள்ளாது. அதனால் எதிரெதிரே நின்று பாட முடியாது. இரண்டு மைக் வைக்கலாம் என்றேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். ஆக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கன்னம் கன்னத்தில் உரசாத குறையாக, ஒரே பக்கம் நின்று பாட வேண்டும். அவனிடம் தேங்காயெண்ணெய் வாசமும் வெங்காய வாசமும். என்னிடம் என்ன வாசம் என்று அவன் சொன்னதை எழுத முடியாது.

ஐந்தாம் நாள், வெள்ளி

சின்னக் குறிப்பு, களைப்பு.

விடியற்காலையில் எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி போய் இட்லி சாப்பிட்டோம். காஞ்சிபுரத்திலிருந்து எப்போதோ வந்து இங்கேயே தங்கிவிட்ட முதலியார் குடும்பங்கள் சுடுவது. மண்சட்டி வாயில் நூல் கட்டி, மேலே துணி விரித்து, மாவை ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விறகடுப்பில் வேக வைக்கிறார்கள், தட்டையாக, இட்லிக்கும் ஆப்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. பொடியில் தேங்காயெண்ணெய் விட்டுத் தொட்டுக்கொண்டு எட்டுத் தின்றேன். அவன் சுகரை மறந்து பத்து. தங்கச்சியிடம் ஆறு என்று சொல்லச் சொல்லியிருக்கிறான்.

அங்கிருந்து முதலமடை ஸ்டேஷன், ஆலமரத்தடியில் ரயில் சத்தம் பிடிக்க. இந்தப் பாலக்காடு பொள்ளாச்சிப் பாதை மீட்டர் கேஜாக இருந்தது, 2008-ல் மூடி, அகலப்படுத்தி, 2015-ல் திறந்தார்கள். ஏழு வருஷம், எங்களைவிடச் சீக்கிரம். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், நாங்கள் காத்திருந்த இரண்டரை மணி நேரத்தில் ஒன்றும் வரவில்லை. மாந்தோப்புகள் பூத்து, சிலதில் பிஞ்சும் விட்டிருக்கின்றன, முதலமடை மாங்காய் மற்ற ஊர்களுக்கு முந்தியே சந்தைக்கு வந்துவிடும். ரயிலுக்குப் பதில் ஆல இலைச் சத்தமும் அவன் குறட்டையும் பதிவாகியிருக்கின்றன. குறட்டையில் 10 நொடி எடுத்து மூன்றாம் பாட்டில் பேஸ் டிரம்முக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவனுக்கு இன்னும் தெரியாது.

ஆறாம் நாள், சனி

நாளைக்கு அவனுக்குக் கல்யாண ஆர்டர், கொல்லங்கோட்டில். மத்தியானம் மூன்று மணிக்குப் பெட்டிகள் ஏற வேண்டும். மைக்கும் போகும், சாக்கு மெத்தை தவிர எல்லாமே போகும். ஆக எங்களுக்கு இருந்தது காலை ஏழு முதல் மூன்று வரை, பாட்டு ஐந்து.

ஃபேனை நிறுத்தினால்தான் சுத்தமாக வரும், நிறுத்தினால் குடோன் அடுப்பு. பனியனோடு நின்றோம். முதல் பாட்டு பதினோரு தடவை. இரண்டாவது ஆறு. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தன் மற்றவன் வரியில் விழுந்து இடறினான், பெரும்பாலும் நான், ஏனென்றால் எண்ணுகிற பழக்கம் போகவில்லை, அவன் வாயைப் பார்க்காமல் என் வரிக்குக் காத்திருக்கிறேன். மூன்றாவது பாட்டில் குறட்டை வந்ததும் நிறுத்தி, இது என்னடா சத்தம், நல்லா இருக்கே, லாரி இன்ஜினா என்றான். ஆமாம் என்றேன்.

செத்துப் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தோம். மணி இரண்டே கால். வெளியே பெட்டி ஏற்றுகிற பசங்கள் வந்துவிட்டார்கள், அண்ணே ஏத்தலாமா என்று கதவைத் தட்டினார்கள், டக்கு டக்கு என்று, கிட்டத்தட்ட அதே 92-ல். ஒரு தடவை, ஒரே தடவை என்றான். தோளை இடித்துக்கொண்டு நின்றோம். நான் "கெழக்க கேட்டா" என்று எடுத்தேன், "ஒப்பாரி" அவன் வாயில் விழுந்தது, அதற்குள் நான் மூச்சு வாங்கினேன், "மேற்க" அவன், "மரமேறி" நான். எங்கே வாங்கினோம், எங்கே விட்டோம் என்று தெரியாது. மூன்றரை நிமிஷம் எண்ணவே இல்லை. கடைசி வரியில் கூறு என்பதை இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல வேண்டும், எழுதினபடி. அவன் சொல்லவில்லை, நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான், நான் மட்டும் சொன்னேன். தப்பு. திருத்தலாமா என்றேன். அதற்குள் அவன் மைக்கைக் கழற்றி ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தான்.

ஐந்தில் நாலு முடிந்தது. நாலாம் பாட்டு பாதியில் நிற்கிறது, மிக்ஸிங் வேலை என்னிடம், அது முடிய மாசியாகிவிடும். பெயர் எதில் வெளியிடுவது என்பதைப் பேசவே இல்லை. பேசினால் இன்னொரு 13 வருஷம்.

ஸ்டாண்டில் இறக்கிவிட்டான். தங்கச்சி பலாச்சிப்ஸ் கட்டிக் கொடுத்திருக்கிறது, மாமியார் நல்லெண்ணெய் ஒரு பாட்டில். அவன் இன்ஜினை அணைக்கவே இல்லை, "போய்ட்டு மெசேஜ் போடு" என்றான், வண்டி நிறையப் பெட்டிகளோடு கிளம்பிவிட்டது.

பஸ்ஸில் ஹெட்போனை எடுத்துப் போட்டேன். கடைசித் தடவையைக் கேட்டேன். முதல் வரியிலேயே, என் குரல் விட்ட இடத்துக்கும் அவன் குரல் ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவில், நான் மூச்சு இழுப்பது கேட்கிறது. சுத்தம் பண்ணுகிற மென்பொருளில் ஒரு சொடுக்கு போதும், போய்விடும். இரண்டு தடவை கேட்டேன். எடுக்கப் போவதில்லை. அந்த நிறுத்தின கூறுவையும் அப்படியே விடுகிறேன், அங்கே அவன் மூச்சு விடுவது லேசாக விழுந்திருக்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன், இப்போது உங்களுக்கும்.

வேலந்தாவளம் வருவதற்குள் போன். "டேய், என் பில் புக்கு உன் லேப்டாப் பைக்குள்ள இருக்கா பாரு." திறந்து பார்த்தேன், இருக்கிறது. ரோஸ் தாள்கள் ஐந்தும் மடித்துள்ளே. எப்படி வந்தது என்று தெரியவில்லை, நான்தான் அவசரத்தில் திணித்திருக்க வேண்டும். கூரியர் பண்ணட்டுமா என்றேன்.

"நாளைக்குக் காலைல கல்யாண பார்ட்டிக்கு பில் போடணும், கூரியராம் கூரியர். திரும்பி வாடா."

இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் நிற்கிறேன். கொழிஞ்சாம்பாறை பஸ் இன்னும் வரவில்லை.